கார்டில் இல்லாத வியர்வை

அடுத்த தெருவில் குடியிருக்கும் விரிவுரையாளர் என்னிடம் வாங்கிப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஊரடங்கு முடிந்து கம்பெனி பஸ்கள் பழையபடி நிரம்பத் தொடங்கிய வருடம், ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"சார், உங்களுக்கு நடிக்க வருமா?"

"பள்ளிக்கூட நாடகத்தில் வாசல் காவலன் வேஷம் போட்டதோடு சரி. அதிலும் வசனம் கிடையாது" என்றேன்.

அந்த அம்மா ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் எடுப்பவர். மாணவர்கள் மருந்துகளைப் பற்றிப் புத்தகத்தில் உள்ளதெல்லாம் ஒப்பிக்கிறார்கள், எதிரில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தால் பேச்சு வரமாட்டேன் என்கிறது என்று சொன்னார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம் சார். ஆனா அங்க டோக்கன் வாங்கிட்டு நிக்கிறவங்க இவங்க தப்பும் தவறுமா பேசிப் பழகறதுக்கு ஆள் கிடையாதே. அதுக்கு முன்னாடி, கோவிச்சுக்காத நோயாளி நாலு பேரு வேணும். நீங்க எதையும் விவரமா சொல்ற ஆள்."

விவரமாகச் சொல்கிற ஆள் என்பதை அவர் பாராட்டாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் கிரேன் ஓட்டுபவன். வீடு குருபரப்பள்ளியில். படிப்பதும் எழுதி வைப்பதும் என் சொந்த ஆசை. எங்கள் நெடுஞ்சாலை எப்போது அகலமானது, எந்த டீக்கடை எந்த மேம்பாலத்துக்காக எழுந்து போனது, மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி வரிசை எந்த வருடம் எதுவரை நின்றது என்றெல்லாம் தேதியோடு குறித்துக்கொண்டு வருகிறேன். இதை யாரும் கேட்டதில்லை. கேட்டுக்கொள்ள ஒருவர் வந்து, நோயாளியாக உட்காரச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கல்லூரியில் ஒரு நீள அறை. நாலு மேசை. ஒவ்வொரு மேசைக்கும் என்னைப் போல ஒரு வெளி ஆள். எங்கள் கையில் ஒரு கார்டு கொடுப்பார்கள். இன்ன வயது, இன்ன நோய், இன்ன மாத்திரை, இன்ன சந்தேகம் என்று அதில் இருக்கும். மாணவர் கையிலும் நோய், மாத்திரை, தொந்தரவு மட்டும் எழுதிய ஒரு கார்டு இருக்கும். மாணவர் வந்து வணக்கம் சொல்லி, மாத்திரையை எப்படிப் போடுவது என்று விளக்கி, "நான் சரியா சொன்னேனான்னு பாக்க நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்று கேட்டு முடிக்க வேண்டும். 'புரிஞ்சுதா?' என்று மட்டும் கேட்கவே கூடாதாம். அப்படிக் கேட்டால் புரியாதவரும் தலையாட்டிவிடுவார் என்றார் விரிவுரையாளர். ஆலையில் புதிய ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போது நான் அதைத்தான் கேட்டு வந்திருக்கிறேன். அவர்களும் தலையாட்டித்தான் வந்திருக்கிறார்கள்.

முதல் நாள் எனக்கு ரத்தக்கொதிப்புக்காரர் வேஷம். கார்டில் நாலு வரிதான். நாலு வரியில் ஒரு மனிதன் எப்படி இருப்பான் என்று, நான் அவருக்கு ராயக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர், மூன்று ஏக்கர் தக்காளி, தலைசுற்றல் தொடங்கிய பங்குனி மாதம், மருமகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போன காரணம் எல்லாம் சேர்த்துவிட்டேன். எதிரில் இருந்த மாணவன் தக்காளி விலையில் மாட்டிக்கொண்டு மாத்திரைக்கு வரவே இல்லை.

"சார், கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றார் விரிவுரையாளர். "அவன் வெளிய போய், மாமனார் மருமகன் பஞ்சாயத்துக்கு என்ன மருந்துன்னு கேட்டுட்டு இருக்கான்."

ஆனாலும் என்னைத் தொடர்ந்து கூப்பிட்டார். வார விடுமுறை சனிக்கிழமையில் விழும்போதெல்லாம் போவேன். தெலுங்கில் பேசும் நோயாளியாக உட்கார்ந்தேன், கன்னடத்தில் பேசும் நோயாளியாகவும் உட்கார்ந்தேன். ஓசூரில் மருந்துக்கடையில் நிற்கப்போகும் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். மூச்சிரைப்புக்காரராக ஒருமுறை அப்படி இரைத்தேன், வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்துவிட்டார். அன்றிலிருந்து மாணவர்களிடையே எனக்கு நடிகர் என்று பெயர்.

என் சொந்த நோய் அந்த மேசைக்கு வந்ததே இல்லை. எனக்குச் சர்க்கரை. டாக்டர் கொடுத்த மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும். ஒரு நாளும் தவறியதில்லை, காரணம் என் மனைவி. முதல் ஷிஃப்ட் வாரத்தில் இருட்டோடு எழுந்து கிளம்புவேன். அவள் வாசலில் ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் மாத்திரையோடு நிற்பாள். நான் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் செருப்பு மாட்ட விடுவாள். "சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொல்லியிருக்காங்க. அங்க போய் மறந்துட்டு முதல்ல தட்டுல கை வெச்சிடுவீங்க" என்பாள். சாப்பாடு கம்பெனி கேன்டீனில். எங்கள் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. கேன்டீனில் பொங்கலும் வடையும் நன்றாக இருக்கும், அதுவும் ஒரு காரணம்.

மாத்திரை வாசலில் இறங்கும். பஸ் சூளகிரி தாண்டி, மேம்பால வேலைக்காக ஒதுக்கிவிட்ட மண்பாதையில் ஊர்ந்து ஓசூர் போகும். ஷிஃப்ட் தொடங்கும். கேன்டீன் மணி எட்டு மணிக்கு அடிக்கும்.

போன வருடக் கோடையில்தான் அது ஆரம்பித்தது. முதல் ஷிஃப்ட் வாரங்களில் மட்டும், பஸ் ஓசூரை நெருங்கும்போது பின்கழுத்து நனையும். விரல் நடுங்கும். எதிரில் இருப்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். டீசல் புகை என்று நினைத்தேன். பிறகு இதயம் என்று நினைத்தேன், அதைப் பற்றி வாசிக்கவும் தொடங்கினேன். அந்த வாசிப்பு யாருக்கும் நல்லது செய்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து சீட்டில் வருகிறவர் திருநெல்வேலிக்காரர், பெயின்ட் பிரிவு. யாரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார், அதனால் அவருக்கும் அதுவே பெயர்.

"என்ன அண்ணாச்சி, பஸ்ஸுக்குள்ளயே குளிச்சிட்டு வாறீய?"

"ஒண்ணுமில்ல, புழுக்கம்."

"மார்கழி மாசத்துல என்னவே புழுக்கம்? இந்தாரும், கடலை மிட்டாய். கோவில்பட்டியிலேர்ந்து தங்கச்சி அனுப்புனது."

"எனக்குச் சர்க்கரை."

"ஒரு துண்டுதானே. வீட்டுல சொல்ல மாட்டேன், சாப்பிடும்."

சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் உலகம் சரியாகிவிடும். மனிதர் காட்டும் அன்பில் உடம்பு தேறுகிறது என்று நான் நம்பினேன். எத்தனையோ புத்தகம் படித்தவனுக்கு மிட்டாயில் இனிப்பு இருக்கிறது என்பது தோன்றவில்லை.

பஸ்ஸில் நடக்கிறவரை அது என் பிரச்சினை. இந்த வருடம் சித்திரையில் மேலே நடந்தது. ஆலையில் மற்ற கிரேன்கள் எல்லாம் கீழிருந்தே ரிமோட்டில் ஓடுகின்றன. என்னுடையதற்கு மட்டும் இன்னும் கூரையை ஒட்டி கேபின். டை என்று நாங்கள் சொல்லும் இரும்பு அச்சைக் கொக்கியில் தூக்கி, பிரஸ் இயந்திரத்துக்குள் இறக்க வேண்டும். இறங்கும்போது அதைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள், கையால் திருப்பி நேராக்குவார்கள். அன்று டை பாதி வழியில் இருக்கும்போது என் கைப்பிடிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நான் எதையும் தொடாமல் கையை எடுத்துவிட்டேன். டை அந்தரத்தில் நின்றது. கீழே கைகாட்டுகிறவர் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மேலே பார்த்துக் கத்தினார்.

"அண்ணே, என்னா, வூட்டு ஞாபகம் வந்துடுச்சா?"

சட்டைப் பையில் அண்ணாச்சி கொடுத்த மிட்டாய்த் துண்டு மீதி இருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு, கைப்பிடி ஒவ்வொன்றும் ஒன்றாகவே தெரியும்வரை காத்திருந்து, இறக்கினேன். அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த ஒரு தடவை போதும். அடுத்த முதல் ஷிஃப்ட் வாரத்துக்குள் காரணம் தெரியாவிட்டால், மேற்பார்வையாளரிடம் சொல்லிக் கேபினை விட்டு இறங்கிவிட வேண்டும். என் வாழ்வில் பாதிக்கு மேல் அந்தக் கேபினில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே எனக்கு என்ன வேலை தெரியும்?

அந்த வாரம் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை கல்லூரியில் மாணவர்களுக்கு மதிப்பீட்டு நாள். "டிபன் எங்களோடதான் சார், வெறும் வயித்தோட வாங்க" என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியதை மனைவி வழக்கம்போல வாசலில் கொடுத்தாள். போட்டுக்கொண்டு போனேன்.

டிபன் வரும் வண்டி மாங்காய் லாரி வரிசையில் சிக்கிக்கொண்டது. "ரெண்டு மூணு பேரை முடிச்சிடலாம் சார், அதுக்குள்ள வந்துடும்" என்றார்கள். முடித்தோம். வரவில்லை. இன்னும் சிலரை முடித்தோம்.

அடுத்து வந்தவள் கடைசி வருட மாணவி. சாமல்பட்டிப் பக்கத்துக் கிராமம், ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறவள். முந்தைய பயிற்சிகளில் அவள் பேசியது என் மேசையைத் தாண்டியதில்லை. சைலன்ட் மோட் என்று அவள் வகுப்பில் கேலி செய்வார்கள். அன்றைய மதிப்பெண் அவளுக்கு முக்கியம் என்று அவள் கார்டைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"வணக்கம் ஐயா. உங்க மாத்திரையைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசலாங்களா?"

"பேசலாம்மா."

எனக்கு அன்று கொதிப்பு மாத்திரையால் வறட்டு இருமல் வந்தவர் வேஷம். அவள் இருமலைப் பற்றிக் கேட்டாள். எனக்கு இருமல் என்ற சொல் கிடைக்கவில்லை. தேடினேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, காதுக்குப் பின்னால் வியர்வை வழிந்தது. மேசைமேல் வைத்திருந்த கை தானாக ஆடியது.

பக்கத்து மேசை மாணவன் திரும்பிப் பார்த்தான். "இன்னைக்கு சார் ஃபுல் ஃபார்ம்ல இருக்காரு" என்றான். அறை மூலையிலிருந்து விரிவுரையாளரும் சிரித்தபடி, குறைத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வாட்ச்மேனையே ஓட வைத்தவன் நான்.

அவள் கார்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள்.

"ஐயா, வேர்வை இதுல இல்லீங்களே."

"இல்லம்மா."

"நடிக்கிறீங்களா?"

"இல்ல."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கல்லூரியில் சொல்லிக்கொடுத்த ஐயா அந்த நொடியில் போய்விட்டது. "பெரிப்பா, நல்லா சாஞ்சு உக்காருங்க. கண்ண மூடாதீங்க" என்றாள். பக்கத்து மேசைக்காரனிடம், "டேய், லேப்ல சுகர் மெஷின் இருக்கு, எடுத்தா. அப்படியே குளுக்கோஸ் பாக்கெட்டும்."

"ஏய், அவரு சும்மா நடிக்..."

"எடுத்தான்னு சொல்றேன்ல."

அந்தக் குரல் வராந்தா வரை கேட்டது. அவன் ஓடினான்.

விரல் நுனியில் குத்தி, கருவியில் வந்த எண்ணைப் பார்த்ததும் விரிவுரையாளரின் முகம் மாறியது. குளுக்கோஸ் கலந்த தண்ணீரை அவள் என் கையில் கொடுக்காமல், தம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தாள். கால்மணி நேரம் காத்திருந்து மறுபடி குத்திப் பார்த்தாள். எண் ஏறியிருந்தது. எனக்கும் இருமல் என்ற சொல் கிடைத்துவிட்டது. சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அவள் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"காலைல என்ன மாத்திரை போட்டீங்க பெரிப்பா?"

சொன்னேன்.

"போட்டுட்டு என்ன சாப்ட்டீங்க?"

"டிபன் இங்கன்னு சொன்னாங்க."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"பஸ்ஸுல வரும். முதல் ஷிஃப்ட் வாரத்துல." கேபினைப் பற்றியும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது, அவள் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்து சீட்டு அண்ணாச்சி கடலை மிட்டாய் குடுப்பாரு. சரியாயிடும்."

அவள் விரிவுரையாளரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கேட்டதுதான் அந்தக் கேள்வி. நோயாளியாக உட்கார்ந்த அத்தனை சனிக்கிழமைகளிலும் ஒரு மாணவரும் கேட்டதில்லை. டாக்டரும் கேட்டதில்லை. எனக்கு நானே கேட்டுக்கொண்டதும் இல்லை.

"முதல் ஷிஃப்ட்டுன்னா சாப்பாடு எங்க சாப்பிடுவீங்க?"

"கம்பெனி கேன்டீன்ல."

"மாத்திரை?"

"வூட்டு வாசல்ல."

"பஸ் எப்ப ஏறுவீங்க, கேன்டீன் எப்ப?"

சொன்னேன். அவள் விரல் மடக்கி எண்ணினாள். "எங்க அண்ணன் கூட கம்பெனி பஸ்ஸுதாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடின்னா, தட்டு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிங்க. நீங்க ஊருக்கே முன்னாடி போட்டுட்டு வர்றீங்க. நீங்க சாப்பிடற வரைக்கும் மாத்திரை சும்மா இருக்காது பெரிப்பா. அது பாட்டுக்கு இருக்கற சர்க்கரைய எறக்கிக்கிட்டே இருக்கும்."

அப்போதே நேரத்தை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "ஷிஃப்ட்டுக்கு எப்படி மாத்தணும், அளவு குறைக்கணுமான்னு டாக்டர்தாங்க சொல்லணும். நடந்ததை எழுதித் தர்றேன், திங்கக்கெழம ஆவறதுக்குள்ள போய்க் காட்டுங்க. மாத்திரை போட்டா சாப்பாடு கையெட்டுற தூரத்துல இருக்கணும். அது வரைக்கும் நான் சொல்லலாம். எங்க, நான் சரியா சொன்னேனா, நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

சொல்லிக் காட்டினேன். வேஷம் இல்லாமல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குள் டிபன் வந்துவிட்டது. அவள் மெதுவாக விரிவுரையாளரிடம் போய், பழைய சன்னக் குரலில், "மேடம், நான் கார்டை முடிக்கவே இல்ல. எனக்கு மறுபடி வைப்பீங்களா?" என்று கேட்டாள்.

"முதல்ல உக்காந்து சாப்பிடு. தோசை ஆறுது" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அன்று மாலையே டாக்டரிடம் போனேன். அவள் எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்க சாப்பிடற இடம் எதுன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார். பெரிய மனது அவருக்கு. அளவைக் குறைத்தார், மாத்திரையைக் கேன்டீனுக்கு மாற்றினார். திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கீழே நிறுத்தினார். முதல் ஷிஃப்ட் வாரம் முழுவதும் கம்பெனி மருத்துவ அறையில் நர்ஸ் ஷிஃப்ட் தொடங்கும்போதும் கேன்டீன் மணிக்கு முன்பும் விரல் குத்திப் பார்த்தார். நான் தரையில் நின்று, என் கிரேனை இன்னொருவர் ஓட்டுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தைவிட நீளமான வாரம் எனக்கு நினைவில்லை. வார முடிவில் நர்ஸ் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர், "போங்க, ஏணி அங்கதான் இருக்கு" என்றார்.

ஏறினேன். டை கொக்கியில் எழுந்தது. கைப்பிடிகள் இரண்டும் இரண்டாகவே இருந்தன, நான்காகவில்லை. கீழே கைகாட்டுகிறவர், "அண்ணே, லீவு முடிஞ்சுதா?" என்றார்.

வீட்டில்தான் வருத்தம். விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். "அப்ப இத்தன நாளா நானே என் கையால..." என்று பாதியில் நிறுத்தினாள். அவள் கொடுத்தது சரியான மாத்திரை, சரியாகச் சாப்பாட்டுக்கு முன்தான் கொடுத்தாள், சாப்பாடுதான் இருபத்தைந்து மைல் தள்ளிப் போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிவதற்கு முன், மாத்திரையை ஒரு சின்ன மூடி டப்பாவில் போட்டு, கூட இரண்டு மிட்டாயும் வைத்து, சட்டைப் பையில் அவளே செருகினாள். இப்போது கேன்டீனில் தட்டோடு உட்காரும்போது போன் வரும். "தட்டு முன்னாடி இருக்கா?" என்பாள். இருக்கிறது என்றால்தான், "அப்பப் போடுங்க" என்பாள். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "மதினிட்ட சொல்லும், மொதல்ல வைத்தியம் பாத்தது நாந்தான்னு" என்பார். அதுவும் உண்மைதான். அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

அந்தப் பெண் தேர்ச்சி பெற்றுவிட்டாள். இப்போது ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. விரிவுரையாளர் மூலம் என் நன்றியைச் சொல்லி அனுப்பினேன். "பெரிப்பாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

நான் இன்னும் கல்லூரிக்குப் போகிறேன், இப்போது சாப்பிட்டுவிட்டு. புது வகுப்புக்கு விரிவுரையாளர் புதிய கார்டு ஒன்று எழுதியிருக்கிறார். வயது, நோய், மாத்திரை எல்லாம் என்னுடையவை. 'மருந்து தவறாமல் போடுகிறார். சில வாரங்களில் மட்டும் காலையில் வியர்க்கிறது' என்று இருக்கிறது. அடியில் கோடு போட்டு, 'எங்கே சாப்பிடுகிறார் என்பதைக் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். நான் கையாண்டதிலேயே கஷ்டமான வேஷம் இதுதான்.

போன சனிக்கிழமை ஒரு மாணவன் வந்தான். நல்ல பையன், தெளிவான பேச்சு. மாத்திரை தவறாமல் போடுகிறேனா என்று கேட்டான். இனிப்பைக் குறைக்கச் சொன்னான், நடக்கச் சொன்னான், என்னைச் சொல்லிக் காட்டவும் சொன்னான். நன்றி சொல்லி எழுந்தான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அவன் வாசல்வரை போய்விட்டான். இவன் நாளை எந்தக் கடையில் நிற்பானோ, அவன் முன்னால் எந்தக் கிரேன்காரன், எந்த டிரைவர் வந்து நிற்பானோ.

"தம்பி, இங்க வா" என்றேன். "நான் எங்க சாப்பிடறேன்னு கேட்டுட்டுப் போ."

"சார்" என்றார் விரிவுரையாளர், மூலையிலிருந்து. அடியில் போட்ட கோட்டை நினைவுபடுத்துகிற குரல். ஆனால் பையன் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான்.